சுடுதது நான் இல்ல, கோட்டு

நான் பத்தொன்பது வருடமாகச் செத்துக்கொண்டிருக்கிறவன். வைகாசி மூன்றாவது சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒருதரமும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே மணிக்கு மறுதரமும், செங்கரட்டுக் கோட்டையின் கிழக்கு வாசலில், கும்பினிப் பட்டாளத்தான் சுட்டு, வாயில் ரத்தம் ஒழுக, பிடித்த வேல் பிடித்தபடி மல்லாந்து விழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்ட, சங்கு ஊதும்வரை கண்மூடிக் கிடப்பவன். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் வெயிலுமுத்து. சாவில் கொஞ்சம் அனுபவம் உள்ளவன் சொல்கிறான் என்று நீங்கள் நம்ப வேண்டும், அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கோட்டை என்றதும் மதிலும் கொத்தளமும் நினைத்துவிட வேண்டாம். இருநூறு வருடத்துக்கு முன்னால் கும்பினிக்காரன் இடித்துத் தள்ளிய மண்கோட்டை, இப்போது இடுப்புயர மேடு, ஆடு ஏறி மேய்கிற மேடு. வருடத்துக்கு ஒருதரம் அதைச் சுற்றி ஓலைப்பந்தல் போட்டு, உலைக்களம், செக்கு, உரல், பாளையத்து அடுப்பு, கும்பினிக் கூடாரம் என்று பழைய நாளைத் தூக்கிவந்து இரண்டு நாளைக்கு உட்கார வைப்பார்கள். கூழ்ப்பந்தலில் கூழ் குடித்துவிட்டு, தலைப்பாகை கட்டிப் படம் எடுத்துக்கொண்டு, சனம் கடைசியாக எங்கள் சண்டைக்கு வந்து சேரும். சண்டையில் கோட்டை விழும். எத்தனை தரம் நடத்தினாலும் விழும். "நடந்தத மாத்த நாம யாருவே?" என்பார் எங்கள் குழுத் தலைவர் ஜேசுராசன், பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், இன்னமும் விசில் இல்லாமல் சட்டை போடாதவர்.

எங்கள் துப்பாக்கி எல்லாம் தண்ணீர்க் குழாய். அருளப்பன் தன் வெல்டிங் பட்டறையில் செய்தது. உள்ளே கொஞ்சம் பட்டாசு மருந்தும் காகிதத் திணிப்பும் போட்டால் சத்தம் வரும், புகை வரும், வேறொன்றும் வராது. சிவப்புக் கோட்டுகள், கலைந்துபோன ஒரு கல்யாண பேண்டு செட்டிடமிருந்து வாங்கியவை. கும்பினிக்காரனாக நிற்க யாருக்கும் மனசு வராததால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், விழுந்தவன் விழுந்ததுதான். யார் யாரைச் சுடுவது என்பதும் அன்றைக்கே முடிவான சோடி. என்னைச் சுடுகிறவன் அருளப்பன், என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவன் செத்துப்போன பெண்சாதி நட்ட முருங்கைமரம் ஒன்று நின்றது, ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு காற்றில் சாய்ந்துபோனது, அதிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். சண்டையிலும் இப்போதெல்லாம் அவன் குறி என் தலைக்கு மேலேதான். காக்காய்க்குக் குறி வைக்கிற பட்டாளத்தான் என்று நான் ஊரெல்லாம் கேலி பண்ணியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்கு முன்னால், மேட்டுக்குப் பின்புறம், நிழலென்று சொல்ல வெட்கப்படுகிற ஒரு முள் உடைமரத்தடியில், சிவப்புக் கோட்டுக்காரர்கள் எல்லாரும் அவரவர் சோடிக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது "சுடுதது நான் இல்ல, கோட்டு" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன் "சாவுதது நான் இல்ல, தலப்பா" என்று சொல்லி வாயில் போட்டு மெல்ல வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. இரண்டு நாளைக்கு ஒருத்தனை ஒருத்தன் கொல்கிறவர்கள், மீதி நாளெல்லாம் ஒரே டீக்கடையில் நிற்க வேண்டியிருக்கிறதே. வெற்றிலையால் இன்னொரு உபயோகமும் உண்டு. சாகும்போது வாயிலிருந்து வழிகிற ரத்தம் அதுதான்.

இப்போது பேச்சிமுத்துவையும் சீனிப்பாண்டியையும் சொல்ல வேண்டும். பேச்சிமுத்து கரண்டு ஆபீசில் லைன்மேன், சிவப்புக் கோட்டு. சீனிப்பாண்டி வாழையிலை மண்டிக்காரர், பாளையத்துக் கொடி பிடிக்கிறவர், எங்கள் எல்லாருக்கும் முதலில் சாகிறவர். வருடா வருடம் தன் கையால் சுட்டு, அவர் விழுகிற அழகைப் பார்த்துப் பார்த்து, இவ்வளவு கண்ணியமாகச் சாகிறவன் நன்றாகத்தான் வாழ்வான் என்று முடிவுகட்டி, பேச்சிமுத்து தன் தங்கை வள்ளித்தாயை அவருக்குக் கட்டிக்கொடுத்தான். ஊர் சிரித்தது. ஆனால் மச்சானும் மாப்பிள்ளையும் நகமும் சதையுமாக இருந்தார்கள், இந்த வருடச் சண்டைக்கு முந்தின வாரம் வரைக்கும்.

அந்த வாரம் சீனிப்பாண்டியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும், அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முந்தின நாள் அடித்த சூறையில் ஏழு கம்பம் சாய்ந்து, விடிந்ததிலிருந்து கம்பத்து மேலே தொங்கிய பேச்சிமுத்து, தங்கத் தோடும் பட்டுப்பாவாடையும் பழமும் தட்டமுமாகக் கோயிலில் வந்து இறங்கும்போது, பிள்ளை அழுது முடித்து ஐஸ் தின்றுகொண்டிருந்தது. நல்ல நேரம் போகிறதென்று சீனிப்பாண்டி தன் அண்ணன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்.  பேச்சிமுத்து தட்டத்தைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, இலையில் உட்காராமல், வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டான். சம்பந்தம் பண்ணினவன் சாப்பிடாமல் போனால் அது என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை உடைமரத்தடியில் எல்லாரும் வெற்றிலை கொடுத்தோம், வாங்கினோம். பேச்சிமுத்து குழாயை மடியில் வைத்துக்கொண்டு கோட்டுப் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். சீனிப்பாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெறும் வாயோடு கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். குடும்பச் சண்டைக்குள் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று வெற்றிலையை மென்றோம்.

பதினோரு மணிக்கு முரசு அடித்தது. பேச்சிமுத்து முழங்கால் போட்டுச் சுட்டான். சத்தம் வந்தது, புகை வந்தது. நானும் என் முறைக்கு, காக்காய்க்கு வைத்த குண்டில், விழுந்து செத்தேன். செத்தவனுக்கு ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளும் சுதந்திரம் உண்டு. திறந்து பார்த்தால் எனக்கு முன்னாலேயே விழுந்திருக்க வேண்டிய சீனிப்பாண்டி கொடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் நிழல் என் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. அந்த நிழலின் நெஞ்சில், எலுமிச்சம்பழம் அளவுக்கு, வட்டமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் நிழலைப் பார்த்தேன். அவரும் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் அவர் நெஞ்சைப் பார்த்தோம். சட்டையும் சதையும் எலும்பும் வழித்துத் துடைத்த மாதிரி இல்லாமல் போய், அந்தப் பக்கத்துக் கூழ்ப்பந்தலும், பந்தலில் ஒருத்தி கூழை ஊற்றுவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கத்தத்தான் தோன்றியது. ஆனால் செத்தவன் பேசக்கூடாது என்பது குழுவின் விதி, பத்தொன்பது வருடத்தில் ஒருதரமும் மீறாதவன் நான், அப்படியே கிடந்தேன். ஜேசுராசன் மைக்கில், "சீனிப்பாண்டி, சாவும்வே, நேரமாவுது" என்றார். அவர் விழவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி ஒரு விரலை அந்த ஓட்டைக்குள் விட்டார். சனம் கைதட்டியது.

சங்கு ஊதினதும் எல்லாச் சவமும் எழுந்து அவரைச் சுற்றிக்கொண்டது. "வலிக்கா?" என்று கேட்டேன். "வலிக்கலண்ணே. காத்து வருது, அவ்வளவுதான்" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஓட்டையைச் சுற்றி நாலு இடத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். முன்பக்கம் டார்ச் அடித்தார். பின்பக்கம் நின்ற நர்சு "வெளிச்சம் வருது சார்" என்றாள். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடினார். குளத்தில் குளிக்க வேண்டாம், கொசுவலைத் துணியால் ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், இதயத்துக்கும் இதற்கும் நடுவில் நாலு விரக்கடைதான் இருக்கிறது, பெரிதானால் உடனே வாருங்கள் என்றார்.

பத்து நிமிடம் வாயைப் பிளந்து நின்ற ஊர் பதினோராவது நிமிடம் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. தையற்காரர் வந்து, சட்டையில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மூடி வைத்துப் பித்தான் தைத்துத் தரவா என்று அளவெடுத்தார். கூழ்ப்பந்தல்காரி, சூடாகக் குடித்தால் ஆவி வெளியே வருமா என்று குடிக்கச் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. வெளியூர்ச் சனம் பழங்கால ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று என்று நினைத்து உரலுக்கும் செக்குக்கும் நடுவே வரிசையில் நின்று பார்த்தது, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று கையசைத்துப் படம் எடுத்தது. எலுமிச்சையா நெல்லிக்காயா என்று டீக்கடையில் ஒரு தகராறு நடந்து, நேரில் வந்து எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தார் சீனிப்பாண்டி. கண் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஊருக்கு நேரமே ஆகவில்லை. வெற்றிலை கொடுக்கவில்லை, அதனால் கோட்டுக்குக் கோபம். "கோட்டு செஞ்ச வேலை" என்றார்கள். பேச்சிமுத்துவை ஒருத்தரும் குறை சொல்லவில்லை, பாவம் அவன் என்ன செய்வான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நாளைக் காலையில் ஒரு முழுக் கவுளி வெற்றிலையாகக் கொடுத்து, வாக்கியத்தை மூன்றுதரம் சொல்லிவிட்டால், போன சதை போன வழியே வந்துவிடும் என்று ஜேசுராசன் அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினோம். பேச்சிமுத்து மட்டும் பனந்தடியில் செய்த பீரங்கி மேல் உட்கார்ந்து, முதுகில் கை விழும்போதெல்லாம் யாரோ அடித்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் வைத்துப் பார்த்தபோது எலுமிச்சம்பழம் ஓட்டை வழியாக விழுந்து ஓடியது. சாத்துக்குடி வைத்தார்கள், பொருந்தியது. அதற்குப் பிறகு யாரும் படம் எடுக்கவில்லை.

நான் கும்பினிக் கூடாரத்தில் அசதியாகப் படுத்திருந்தேன். பேச்சிமுத்து உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்தான். பின்னாலேயே வள்ளித்தாய் வந்தாள். எழுந்து போவது நாகரிகம். ஆனால் செத்தவன் மாதிரிக் கிடப்பதில் எனக்குப் பயிற்சி இருக்கிறது.

"அண்ணே" என்றாள். "நாலு விரக்கடைன்னு டாக்டர் சொன்னாவ. இப்பம் ரெண்டுதான் இருக்கு."

அவன் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அவுக வலிக்கலன்னுதான் சொல்லுதாவ. நெஞ்சுல தல வச்சா முன்ன துடிப்புக் கேக்கும். இப்பம் காத்துதான் கேக்கு, போத்தலுக்குள்ள ஊதுத மாதிரி. எனக்கு நடுங்குதுண்ணே."

"நான் என்னட்டி செய்ய?"

"நாளைக்கு வெத்தல குடுத்துரு. தட்டத்த வச்சிட்டுப் போனியே, அந்தக் கோவத்த எம்மேல வச்சுக்கோ. அவுகளுக்கு வெத்தலயக் குடுத்து, நான் இல்ல, கோட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. போதும்."

"அத நான் எப்படிட்டி சொல்லுவேன்?" என்றான் பேச்சிமுத்து. பெரிய ஆள், கம்பத்து உச்சியில் இடிமழையில் நின்று பீடி குடிக்கிறவன், முகத்தைச் சிவப்புக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டான். வறட்டுக் கௌரவம் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உடைமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. பெண்கள் அங்கே வருகிற வழக்கமில்லை. வள்ளித்தாய் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள், தடுக்க யாருக்கும் தைரியமில்லை. சீனிப்பாண்டி கொசுவலைக் கட்டை அவிழ்த்திருந்தார். ஓட்டையின் இடது விளிம்பு உள்ளிருந்து எதுவோ முட்டுகிற மாதிரி துடித்து அடங்கிக்கொண்டிருந்தது. இதயம் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. 

ஜேசுராசன் கவுளி வெற்றிலையைப் பேச்சிமுத்து கையில் வைத்தார். அவன் சிவப்புக் கோட்டோடு எழுந்துபோய் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றான்.

"சுடுதது..." என்றான். நின்றுவிட்டான்.

"சொல்லுவே" என்றார் ஜேசுராசன்.

"சுடுதது நான்..." திரும்பவும் நின்றான். வெற்றிலை நாலைந்து கீழே விழுந்தது. பிறகு கோட்டைக் கழற்றினான். அவசரமில்லாமல் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றி, மடித்துத் தரையில் வைத்துவிட்டு, வெறும் பனியனோடு நிமிர்ந்தான்.

"கோட்டு சுடல மாப்ளே. நான்தான் சுட்டேன். வெத்தல மறக்கவும் இல்ல. வேணும்னுதான் குடுக்கல. நெஞ்சுக்கு நேரா குறி பாத்துதான் சுட்டேன். சுடும்போது, இவன் செத்துத் தொலையட்டும்னு நெனச்சேன். எந்தங்கச்சி தாலிய நெனக்கல, பிள்ளைய நெனக்கல. அந்த ஒரு நிமிசம் முழுசா, மனசார, அதத்தான் நெனச்சேன்."

நெஞ்சில் ஓட்டை விழுந்தபோது பத்து நிமிடத்தில் சுதாரித்துக்கொண்ட ஊர், இதற்குச் சுதாரிக்கவில்லை. ஒரு மனுசனுக்குள் சாத்துக்குடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள், நம்மோடு டீ குடிக்கிற பேச்சிமுத்து மாப்பிள்ளையைக் கொல்ல நினைத்தான் என்பதைக் காதால் கேட்டு, பேயறைந்த மாதிரி நின்றோம். வள்ளித்தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அண்ணனை அவள் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், உண்மையாகவே சாகும்வரை.

சீனிப்பாண்டி பேச வாயெடுத்தார். ஓட்டை வழியாகக் காற்றுப் போய்விட்டதால் முதலில் சத்தம் வரவில்லை. உள்ளங்கையால் நெஞ்சை மூடிக்கொண்டு பேசினார்.

"நல்ல நேரமும் போவல மச்சான். கால் மணி நேரம் பாக்கி இருந்துச்சு. வளைவு திரும்பிட்டேன், வந்துட்டேன்னு நீ போன் பண்ணினேல்ல, அத நான் யாருக்கும் சொல்லல. எங்கண்ணன் வெறுங்கையோட வந்து நின்னான். ஒன் தட்டம் வந்து எறங்கினா சபையில அவன் கூசிப்போவான்னு, ஒன் மடிய எடுத்து அவனுக்குக் குடுத்துட்டேன். பழிய நேரத்து மேல போட்டேன்."

பேச்சிமுத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்கு மடி என்று ஒன்று இருக்கிறதே. வள்ளித்தாய் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளையை இறக்கி அந்த மடியில் வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையை வைத்தாள், நான் கண்டது அவ்வளவுதான்.

சீனிப்பாண்டி நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். எல்லாரும் அவர் நிழலைப் பார்த்தோம். சாத்துக்குடி அளவு வெளிச்சம் எலுமிச்சையாகி, நெல்லிக்காயாகி, சுண்டைக்காயாகி, கடைசியில் காது குத்தின துவாரம் அளவுக்கு வந்து நின்றது. அதற்குமேல் மூடவில்லை. இன்றைக்கும் அவர் வெயிலில் நின்றால் நிழலின் நெஞ்சில் கடுகளவு வெளிச்சம் விழுகிறது.

ஜேசுராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசில் ஊதினார். "மத்தவுகளும் சட்டுனு வெத்தலயக் குடுங்கவே. சனம் காத்திருக்கு."

ஒருத்தனும் அசையவில்லை. இருபத்திரண்டு சிவப்புக் கோட்டும் கையில் வெற்றிலையோடு, எதிரே நின்ற இருபத்திரண்டு தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் மூச்சு விடுகிற மாதிரிச் சொன்ன வாக்கியத்தை, இப்போது முதலில் சொல்ல ஒருத்தனும் இல்லை. மைதானத்தில் சனம் மத்தியானம் வரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டு, கூழைக் குடித்துவிட்டுக் கலைந்து போயிற்று. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கரட்டுக் கோட்டை விழவில்லை.

ஆனால் அது பின்னால். அந்த நிமிடத்தில் நான் அருளப்பனைப் பார்த்து, எப்போதும் போலக் கேலியாக, "என்ன அருளப்பா, காக்காய்க்கு வெத்தல குடுக்கணுமா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பதினாலு வருசம் கோட்டுதான் சுட்டுச்சு வெயிலுமுத்து" என்றான். "இந்த அஞ்சு வருசமா நான்தான். மனசு அப்படி இருக்கையில ஒன் நேருக்குப் பிடிக்கப் பயமா இருக்கும். அதான் குழாய மேல தூக்கிப் பிடிக்கேன்."

 ஐந்து வருடமாக நான் கேலி பண்ணிய அந்த ஒரு சாண் உயரத்தில்தான் உயிரோடு இருந்திருக்கிறேன். பதிலுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். சாவுதது நான் இல்ல, தலப்பா. வாயைத் திறந்தேன், அது வரவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அந்த முருங்கைய" என்றேன். "காத்து சாய்க்கல, அருளப்பா."